சயாம் மரண ரயில்: நடந்து பார்க்க எஞ்சியிருக்கும் நான்கு கிலோமீட்டர்



ஜப்பானியர் ஆட்சி என்றதும் நம் மாணவர்கள் எழுதுவது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். வாழைமர நோட்டு, மரவள்ளிக்கிழங்கு, கெம்பெய்தாய். கடைசியில் 'சயாம் மரண ரயில் பாதை போடப்பட்டது' என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்குப் பின்னால் 415 கிலோமீட்டர் நீளப் பாதை இருக்கிறது. அதில் பெரும்பகுதி காடாகிவிட்டது. ஒரு சின்னத் துண்டை மட்டும் சுத்தம் செய்து, படிக்கட்டு போட்டு, பலகை வைத்து, யாரும் போய் நடந்து பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். வைத்தது யார், எப்படி வைத்தார்கள், அதில் நம்மவர்களுக்கு எவ்வளவு இடம் கிடைத்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் பின்னணி. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. சில மாதங்களில் பர்மாவும் ஜப்பானியர் கைக்குப் போனது. பர்மாவில் இருக்கும் படைக்குச் சாப்பாடும் வெடிமருந்தும் போக வேண்டும். மலாக்கா நீரிணையைச் சுற்றிக் கப்பலில் அனுப்பினால் நேச நாட்டு நீர்மூழ்கிகள் அடித்துவிடும். அதனால்தான் தரைவழியாக ஒரு ரயில் பாதை. தாய்லாந்தில் நோங் பிளாடுக், பர்மாவில் தன்பியூசயாட் என்று இரண்டு முனைகளிலிருந்தும் வேலை தொடங்கியது. 1943 அக்டோபரில் கொங்கொய்த்தா என்ற இடத்தில் தண்டவாளங்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன. சாதாரணமாகப் பல ஆண்டுகள் எடுக்கும் வேலை. ஏறக்குறைய ஒன்றேகால் ஆண்டில் முடித்தார்கள். எப்படி முடித்தார்கள் என்றால், ஆள் செத்தாலும் வேலை நிற்கக்கூடாது என்ற கணக்கில்தான்.

வேலை செய்தவர்கள் இரண்டு வகை. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு, அமெரிக்கப் போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கும் மேல். அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக ஆசியத் தொழிலாளர்கள்: பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர், தமிழர். மலாயாவிலிருந்து போனவர்கள் மட்டும் ஏறக்குறைய 78,000 பேர். அதில் மிகப் பெரும்பாலோர் கித்தா தோட்டத்துத் தமிழர்கள்.

ஏன் தோட்டத்துத் தமிழர்கள்? போர் வந்ததும் ரப்பர் ஏற்றுமதி நின்றுபோனது. துரைமார்கள் ஓடிவிட்டார்கள். லயத்தில் இருந்தவர்களுக்கு வேலையும் இல்லை, அரிசியும் இல்லை. நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், மூன்று மாதத்தில் திரும்பி வந்துவிடலாம் என்று ஆசை காட்டினார்கள். அந்தப் பேச்சை நம்பிச் சிலர் குடும்பத்தோடு போனார்கள். போன யாரும் திரும்பி வராததைப் பார்த்து மற்றவர்கள் மறுத்தபோது, தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கட்டாயமாகப் பிடித்துப் போனார்கள். சரக்கு வண்டியில் அடைத்து நாள்கணக்கில் பான்போங் வரை. அதற்கப்புறம் காட்டுக்குள் நடை. வாந்திபேதி, மலேரியா, ஆறாப் புண், பட்டினி. போர்க்கைதிகளுக்காவது கூடவே ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். நம்மவர்களுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

இறந்த போர்க்கைதிகள் ஏறக்குறைய 13,000 பேர். ஆசியத் தொழிலாளர்கள் 80,000 முதல் 100,000 வரை என்று மதிப்பிடுகிறார்கள். இந்த இரண்டு எண்களையும் மாணவர்கள் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும். முதலாவது பேர்வாரியாக எண்ணிய கணக்கு. இரண்டாவது குத்துமதிப்பு. இருபதாயிரம் பேர் முன்னே பின்னே என்று சொல்ல முடிகிறது என்றால், அவர்களை யாரும் எண்ணவில்லை என்றுதான் பொருள்.

போர் முடிந்ததும் அந்தப் பாதைக்கு வேலை இல்லாமல் போனது. எல்லையோரத் தண்டவாளங்களைக் கழற்றினார்கள். மீதியைத் தாய்லாந்து அரசு வாங்கி, நாம்தோக் வரைக்கும் சுமார் 130 கிலோமீட்டரை மட்டும் செப்பனிட்டு 1958-இல் ஓட்டத் தொடங்கியது. அந்த ரயில் இன்றும் ஓடுகிறது. நாம்தோக்குக்கு அப்பால் இருந்ததை மூங்கில் மூடிவிட்டது.

இதற்கு நடுவில் 1957-இல் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படம் வந்தது. அது தாய்லாந்தில் எடுத்த படமே அல்ல. இலங்கையில் கித்துல்கல என்ற ஊரில் எடுத்தது. ஆனால் படம் பார்த்த வெள்ளைக்காரர்கள் காஞ்சனபுரிக்கு வந்து 'குவாய் ஆற்றுப் பாலம் எங்கே?' என்று கேட்க ஆரம்பித்தார்கள். பாலம் இருந்த ஆற்றின் பேரோ மேகுலோங். கடைசியில் தாய்லாந்துக்காரர்கள் அந்தப் பகுதி ஆற்றுக்கே 'குவாய் யாய்' என்று பேர் மாற்றிவிட்டார்கள்! சுற்றுலா ஒரு வரலாற்றை எப்படி வளைக்கும் என்பதற்கு வகுப்பில் இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. படத்தில் வருவது மரப்பாலம், அதுவும் கடைசியில் வெடித்துச் சிதறும். காஞ்சனபுரியில் நிற்பதோ இரும்புப் பாலம். ஜாவாவிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து பூட்டியது.

இப்போது நடைபாதைக்கு வருவோம். காஞ்சனபுரியிலிருந்து சுமார் 80 கிலோமீட்டரில் கொன்யூ மலையைக் குடைந்த ஒரு வெட்டு இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஹெல்ஃபயர் பாஸ்', நரக நெருப்புக் கணவாய். சுமார் 75 மீட்டர் நீளம், 25 மீட்டர் ஆழம். கையில் சுத்தியலும் உளியும் வைத்துப் பாறையில் துளை போட்டு, வெடி வைத்து, கல்லைக் கூடையில் அள்ளிக் கொட்டினார்கள். 1943-இல் ராத்திரியும் பகலுமாக வேலை. தீப்பந்த வெளிச்சத்தில் எலும்பும் தோலுமான ஆள்களின் நிழல் பாறையில் ஆடியதைப் பார்த்துத்தான் கைதிகள் அப்படிப் பேர் வைத்தார்கள்.

டாம் மோரிஸ் என்ற ஆஸ்திரேலிய முன்னாள் கைதி 1980-களில் திரும்பிப் போய், காட்டுக்குள் அந்த வெட்டைத் தேடிக் கண்டுபிடித்தார். ஊர் திரும்பிச் சும்மா இருக்கவில்லை. இதைக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்று தன் நாட்டு அரசாங்கத்தை விடாமல் கேட்டார். அரசு பொறியாளர்களை அனுப்பியது. தாய்லாந்து ராணுவத்தின் நிலம் என்பதால் அவர்களோடு பேசி அனுமதி வாங்கியது. 1998-இல் அங்கே ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 2018-இல் அதைப் புதுப்பித்தார்கள். ராட் பீட்டி என்ற இன்னோர் ஆஸ்திரேலியர் பழைய தடத்தின் பல கிலோமீட்டரைத் தானே மூங்கில் வெட்டித் திறந்துவிட்டார். காஞ்சனபுரியில் 2003-இல் திறந்த ரயில்வே மையமும் அவர் உருவாக்கியதுதான்.

பாதையைப் பராமரிக்கும் முறையைப் பாருங்கள். புதுசாக எதையும் கட்டி அழகு பார்க்கவில்லை. தண்டவாளத்துக்கு அடியில் கொட்டிய சல்லிக்கல்லை அப்படியே விட்டிருக்கிறார்கள். அதன் மேல்தான் நடக்க வேண்டும். பாறையில் போட்ட துளைகள் தெரிகின்றன. பழைய தண்டவாளத்தில் ஒரு சின்னத் துண்டை அடையாளத்துக்கு வைத்திருக்கிறார்கள். காதில் மாட்டிக்கொள்ளும் ஒலிக்கருவி கொடுக்கிறார்கள், அதில் அங்கே வேலை செய்த கைதிகளே பேசுகிறார்கள். என் பார்வையில் அந்தக் குரல்தான் பாதையின் உயிர். கல்லும் மூங்கிலும் எந்தக் காட்டிலும் இருக்கும். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 25 விடியலில் ஆஸ்திரேலியர்கள் அங்கே கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள்.

நம்மவர்கள் குரல் எங்கே என்று நீங்கள் கேட்பீர்கள். ஆஸ்திரேலியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் தங்கள் ஆள்களைத் தேடிப் போனார்கள். கைதிகள் முகாமில் திருட்டுத்தனமாகப் பேரேடு எழுதினார்கள்; யாரை எங்கே புதைத்தோம் என்று குறித்து வைத்தார்கள். 1945-இல் ஒரு சிறு குழு அந்தக் குறிப்புகளோடு பாதை நெடுகப் போய்ப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்தது. காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் ஏறக்குறைய 7,000 பேர், வரிசை வரிசையாக, பெரும்பாலும் பேரோடு. தமிழ்த் தொழிலாளியை மொத்தமாகக் குழியில் போட்டார்கள், எரித்தார்கள். பேர் எழுத ஆள் இல்லை. திரும்பி வந்தவர்கள் தோட்டத்துக்குப் போய் மறுபடியும் பால் வெட்டினார்கள். அவர்களை உட்காரவைத்துக் கேட்க அன்றைக்கு யாரும் வரவில்லை. கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் வாட் தாவொர்ன் என்ற கோயில் வளாகத்தில் ஆசியத் தொழிலாளர்களுக்கு ஒரு நினைவிடம் இருக்கிறது. சுற்றுலா பஸ்ஸில் வருகிறவர்களில் அங்கே எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு.

இலக்கியத்தில் நாம் அவ்வளவு மோசமில்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய இரண்டு மலேசிய நாவல்களும் இந்தத் துயரத்தைத்தான் பேசுகின்றன. வரலாற்று ஆசிரியரும் தமிழாசிரியரும் சேர்ந்து ஒரு பாடமாக நடத்தலாம். மாணவரிடம் ஒரு வேலையும் கொடுங்கள்: வீட்டில், உறவில் 'சயாமுக்குப் போனவங்க' யாராவது உண்டா என்று கேட்டு, பேர், தோட்டத்தின் பேர், திரும்பினாரா இல்லையா, இவ்வளவை மட்டும் எழுதி வரச் சொல்லுங்கள். போனவர்களின் பிள்ளைகளுக்கே இன்று எண்பதைத் தாண்டிவிட்டது. அடுத்த பள்ளி விடுமுறை வரைக்கும் தள்ளிப்போட வேண்டாம்.

நேரில் போக நினைப்பவர்களுக்கு: காஞ்சனபுரியிலிருந்து நாம்தோக் வரை ரயிலில் போகலாம், வழியில் பாறையை ஒட்டிய வாம்போ மரப்பாலத்தில் வண்டி ஊர்ந்து போகும், சன்னல் பக்கம் உட்காருங்கள். அங்கிருந்து கொன்யூ வரை வாடகை வண்டி. மழைக்காலத்தில் சல்லி வழுக்கும், சப்பாத்து நல்லதாக இருக்கட்டும். வெட்டிலிருந்து ஹிந்தோக் பக்கம் போகும் நடை மொத்தம் நான்கு கிலோமீட்டர் சொச்சம். மதிய வெயிலுக்கு முன்னால் இறங்கிவிடுங்கள். திரும்பும்போது பாலத்துக்குப் பக்கத்தில், 1944-இல் ஜப்பானியர்களே எழுப்பிய நினைவுத்தூணையும் பார்த்துவிட்டு வாருங்கள். அதில் தமிழ் எழுத்தும் இருக்கிறது.