விரல் நுனியில் ஒரு ஏணி

1988. ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் 'கேம்பஸ் சென்டர்' என்றொரு உடற்பயிற்சிக் கூடம். பாறையேற்ற வீரர் வொல்ஃப்காங் குல்லிஷ் அங்கே முன்சாய்ந்த பலகை ஒன்றில் மெல்லிய மரச்சட்டங்களை ஏணிப்படி போல வரிசையாகப் பொருத்தினார். கால் ஊன்றக் கூடாது. விரல்களால் தொங்கியபடியே படிக்குப் படி தாவ வேண்டும்.

பலன் 1991இல் தெரிந்தது. ஃபிராங்கன்யூரா பாறைப் பகுதியில், ஓரிரு விரல்களே நுழையும் குழிகளைப் பற்றி 'அக்சியோன் டிரெக்ட்' பாதையை ஏறி முடித்தார். ஏறும் கடினத்தைக் குறிக்கும் தரவரிசையில் உலகின் முதல் 9ஏ பாதையாக அது பரவலாகக் கருதப்படுகிறது.

ஆனால் அந்தப் பலகை பலரின் விரல்களைப் பதம் பார்த்தது. தசை சீக்கிரம் தேறிவிடும். தசைநாணை எலும்போடு அணைத்துப் பிடிக்கும் வளையங்கள் வலுப்பெற நெடுநாள் ஆகும். அவசரப்பட்டால், சில சமயம் 'டப்' என்ற சத்தத்தோடு மோதிரவிரல் வளையம் அறுந்துவிடும். பதின்வயதினருக்கோ எலும்பின் வளர்தட்டே விரிசல் காணும். அதனால்தான் 18 வயதுக்கு உட்பட்டவர்களை இதில் ஏற்றப் பல பயிற்சியாளர்கள் மறுக்கிறார்கள்.