சுவரில் பூக்கும் பூசணம்: சுண்ணாம்பு போய் பெயின்ட் வந்த கதை



ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் பீரோவை நகர்த்திப் பாருங்கள். பின்சுவர் கறுத்திருந்தால் அது வெறும் அழுக்கல்ல, பூசணம். ஈரம் இருக்கும்வரை வளர்ந்துகொண்டே போகும்.

ஓதம் நம் தாத்தா வீட்டிலும் இருந்தது. ஆனால் அந்தச் சுவர் செங்கல்லும், கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்புக் காரையும். மழையில் ஏறிய ஈரம் வெயிலில் வெளியே போய்விடும். போகிக்கு முன் வெள்ளையடிப்பார்கள். கிளிஞ்சலைச் சுட்டு, நீற்றி, துளி நீலம் கலந்து, மட்டையால் அடிப்பது. பண்டிகைக்கு அழகு என்று மட்டும் எண்ண வேண்டாம். நீற்றிய சுண்ணாம்பின் காரம் பி.எச். அளவில் 12-ஐத் தாண்டும். அதில் பூசணம் பிழைக்காது. நாளடைவில் காற்றிலுள்ள கரியமில வாயு பட்டு அந்தக் காரம் இறங்கிவிடும். அதனால்தான் வருடா வருடம் அடிக்க வேண்டியிருந்தது. அதுவும் மழை ஓய்ந்த கையோடு! கணக்குத் தெரிந்தவர்கள்.

பிறகு சிமென்ட் வந்தது. 1939-ல் டால்மியாபுரம் ஆலை. 1953-ல் பெயர் மாற்றப் போராட்டம் நடந்ததே, அந்தக் கல்லக்குடிதான். அடுத்து அரியலூரில் அரசு ஆலை. இரண்டும் நம் ரயில் பாதையிலேயே இருக்கின்றன. சிமென்ட்டின் மேல் பிளாஸ்டிக் பெயின்ட் ஏறியது. துடைத்தால் பளிச்சென்று இருக்கும், வருடா வருடம் செலவில்லை. ஆனால் உள்ளே புகுந்த ஈரம் எளிதில் வெளியேறாது. பெயின்ட்டைக் கெட்டியாக்கச் சேர்க்கும் பொருள்களில் சில பூசணத்துக்கே தீனி.

நம் ஊர்ப் பீங்கான் பட்டறையைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். கிளேஸ் பூசாமல் சுட்ட பொம்மையில் நாக்கை வைத்தால் ஒட்டும். கிளேஸ் பூசியதில் தண்ணீர் வழுக்கி ஓடும். குளியலறை டைல்ஸும் அப்படித்தான். பூசணம் பிடிப்பது டைல்ஸ் இடுக்கில் பூசிய சிமென்ட்டில். அந்த இடுக்கு விட்டுப்போனால் மேல்வீட்டுக் குளியல் தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையில் ஓதமாக இறங்கும். சங்கக் கூட்டத்தில் பாதிச் சண்டை இதனால்தான்.

இது சுவரோடு நிற்பதில்லை. ஓதமும் பூசணமும் உள்ள வீடுகளில் ஆஸ்துமாவும் மூச்சுத் தொல்லையும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் தனி வழிகாட்டியே வெளியிட்டது. குழந்தைகள் உள்ள வீடுகள் கவனிக்கவும்.

கோடையில் பெயின்ட் அடிக்குமுன் கசிவை அடையுங்கள், சுவர் முழுக்கக் காயட்டும். கறுப்பின் மேலேயே அடித்தால் அடுத்த மழைக்கு மறுபடி தலைகாட்டும். சுண்ணாம்புக்கே திரும்ப நினைப்பவர்கள் பழைய பெயின்ட்டை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு அடிக்கவும். பிளாஸ்டிக் பெயின்ட் மேல் சுண்ணாம்பு நிற்காது, உரிந்துவிடும்.