மண்ணுக்குள் போகும் கம்பியின் கதை



எட்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு சித்திரை மாதத்துக் காலையில், தீர்த்தமலை அடிவாரத்துக் கிணற்றடி ஒன்றில் கறவை மாடு செத்துக் கிடந்தது. பாம்பு கடித்திருக்கும் என்றுதான் முதலில் பேசிக்கொண்டார்கள். மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் ஈர மண்ணில் நின்ற மாடு அது. கால்நடை மருத்துவர் வந்து பார்த்த பிறகுதான் கரண்ட் வேலை என்று தெரிந்தது. மாட்டுக்காரர் என்னைக் கேட்டார்: "எர்த் போட்டுத்தானே இருக்குதுங்க, அப்புறம் எப்படிங்க?"

அதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும்.

நம் தாத்தா காலத்தில் கிணற்றுத் தண்ணீர் என்றால் கவலைதான். இரண்டு மாடு, ஒரு சால், ஒரு கயிறு. 1932-ல் நீலகிரியில் பைக்காரா மின்நிலையம் ஓட ஆரம்பித்தது. 1937-ல் மேட்டூர். அப்போது நம் தருமபுரி, சேலம் ஜில்லாவோடு சேர்ந்திருந்தது. தனி மாவட்டமானது 1965-ல்தான். அந்த 1937-ஐ ஒட்டித்தான் கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் நம் நாட்டிலேயே மோட்டார் செய்து காட்டினார்கள். 1957-ல் மின்சார வாரியம் அமைந்தது. கம்பி கிராமம் கிராமமாக வந்தது, கவலை மாடுகளுக்கு ஓய்வு வந்தது.

வோல்டேஜ் கதை இதைவிட வேடிக்கை. 1882-ல் நியூயார்க்கில் எடிசன் 110 வோல்ட்டில் தெருவுக்கு விளக்குப் போட்டார். குறைந்த வோல்ட்டில் அதே சக்தியைக் கொண்டுபோனால் ஆம்பியர் கூடும். தாமிரக் கம்பி தடியாக வேண்டும், செலவு கையைக் கடிக்கும். 1899-ல் பெர்லின் மின்கம்பெனி 220-க்கு மாறியது. வோல்ட் இரண்டு பங்கானால் ஆம்பியர் பாதி. அதே கம்பியில் வீணாகும் சக்தி கால் பங்குதான். வெள்ளைக்காரன் நாட்டில் 240 நிலைத்தது. நமக்கு 230, 240 என்று இரண்டு பேச்சும் உண்டு. மூன்று பேஸ் என்றால் இதை 1.732-ஆல் பெருக்க வேண்டும்: 230-க்கு ஏறக்குறைய 400, 240-க்கு 415. உங்கள் மோட்டார் தகட்டில் 415 என்று இருப்பது அந்த வழியில் வந்தது. 1983-ல் உலக மின்தொழில்நுட்பக் குழு எல்லோருக்கும் 230/400 என்று பரிந்துரை செய்தது. 400-ல் அந்த மோட்டார் நன்றாகவே ஓடும். 340, 330 என்று இறங்கும்போதுதான் அது கூடுதல் ஆம்பியர் இழுத்துக் காயில் கருகுகிறது.

வோல்ட் கூடினால் கம்பிச் செலவு குறையும், ஆனால் ஷாக்கும் பலமாக அடிக்கும். அதற்குத்தான் எர்த். 1956-ஆம் வருஷத்து இந்திய மின்சார விதிகளில் 61-ஆம் விதி, நிலையாக வைத்த மோட்டாரின் உடம்புக்குத் தனித்தனியாக இரண்டு எர்த் வேண்டும் என்றது. மின்சாரம் கொடுப்பவர் தம் எர்த்தை, மழையில்லாத காலத்தில், காய்ந்த நாளில் சோதிக்க வேண்டும் என்றும் சொன்னது. ஐப்பசியில் சோதித்தால் எல்லா எர்த்தும் நல்ல எர்த்துதான்! அந்த விதிகளுக்குப் பதிலாக 2010-லும் பிறகு 2023-லும் புது விதிமுறைகள் வந்துவிட்டன. இரண்டு எர்த் வழக்கம் மட்டும் மாறவில்லை.

இனி அந்த மாட்டுக்காரர் கதை. பாறை மேட்டில் இரண்டடிக் கம்பி ஒன்றைத் தட்டி இறக்கியிருந்தார்கள். கரி கிடையாது, உப்பு கிடையாது. கருவி வைத்து அளந்தால் 120 ஓம். காயில் பழுதாகி மோட்டார் உடம்பில் 230 வோல்ட் ஏறினால், அந்தக் கம்பி வழியே போவது இரண்டு ஆம்பியர்கூட இல்லை. 15 ஆம்பியர் ஃப்யூஸுக்கு அது கொசுக்கடி. ஃப்யூஸ் போகாது, மோட்டாரும் ஓடிக்கொண்டே இருக்கும், கம்பியைச் சுற்றியுள்ள மண்ணில் மட்டும் வோல்ட் பரவி நிற்கும். ரப்பர் செருப்புப் போட்ட மனுஷனுக்குக் கொஞ்சம் சுருக்கென்று இருக்கும். மாட்டுக்கு முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே நாலைந்து அடி தூரம். ஒரு கால் கூடுதல் வோல்ட்டில், ஒரு கால் குறைந்த வோல்ட்டில். மின்சாரம் நெஞ்சு வழியாகப் போய்விடுகிறது.

இன்னொன்றும் அங்கே பார்த்தேன். இரவில் ஒரு பல்பு எரிய, பேஸிலிருந்து ஒரு வயர், எர்த் கம்பியிலிருந்து ஒரு வயர். நம் பக்கம் இது சாதாரணமாக நடக்கிறது. நியூட்ரல் வேலையை எர்த்துக்குக் கொடுத்தால், அந்த எர்த்தோடு சேர்ந்த இரும்பெல்லாம் கரண்ட் ஏறி நிற்கும். தயவுசெய்து வேண்டாம்.

பழைய கம்பியைப் பிடுங்கிவிட்டு வாய்க்கால் ஓரம், மண் ஆழமுள்ள இடமாகப் பார்த்து, இரண்டு குழி எடுத்தோம். ஒவ்வொன்றிலும் இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப், சுற்றிக் கரியும் உப்பும் மாற்றி மாற்றி. இரண்டையும் சேர்த்து அளந்தபோது 6 ஓம். அதிலும் ஃப்யூஸ் உடனே போகும் என்று அடித்துச் சொல்ல முடியாது. அதனால் கசிவு கண்டதும் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றும் மாட்டச் சொன்னோம். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் போதும். மோட்டாருக்கு எது என்று லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கேளுங்கள். ஒரு மாட்டு விலையில் சிறு பங்குதான் ஆகும்.

அவர் குழியைச் சுற்றி முள் போட்டு அடைத்துவிட்டார். பங்குனி பிறந்தால் வாரம் இரண்டு குடம் தண்ணீர் அதற்கு. மாடு கட்டுவது இப்போது புளியமரத்தடியில்.