கல்லக்குடி: பெயரும் கல்லும்

கண்டனூர் வீடுகளின் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்கள் அதன் வழவழப்பை மறவார். நீற்றிய சுண்ணாம்பைக் கடுக்காயும் வெல்லமும் முட்டை வெண்கருவும் கூட்டி அரைத்துப் பூசிய பூச்சு அது. சுண்ணாம்பு கிளிஞ்சலிலிருந்து வந்தாலும் கல்லிலிருந்து வந்தாலும் அதற்கு மூலம் பெரும்பாலும் நீர்வாழ் உயிர்களின் ஓடே. அவ்வுண்மையை ஏடு விரித்தாற்போலக் காட்டும் இடம் ஒன்று நமக்கு வடக்கே உண்டு. திருச்சிராப்பள்ளியிலிருந்து விழுப்புரம் செல்லும் இருப்புப்பாதையில் உள்ள கல்லக்குடிச் சுண்ணாம்புக்கல் அகழியே அது.

10 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் இந்நிலத்தின் மீது கடல் ஏறி நின்றது. அதன் ஆழங்குறைந்த ஓரத்தில் பவளமும் சுண்ணாம்புப் பாசியும் திட்டுத் திட்டாய் வளர்ந்தன. அவற்றின் எச்சங்கள் இறுகிக் கல்லாயின. கல்லக்குடியில் வெட்டப்படுவது அந்தக் கல்லே.

இப்பகுதியின் தொல்லுயிர்களை முதலில் திரட்டியவர்கள் 1840களில் இங்கிருந்த ஆங்கில அலுவலர்களான கேயும் கன்லிஃபும் ஆவர். அவற்றை 1846இல் எட்வர்டு ஃபோர்ப்ஸ் இலண்டனில் ஆராய்ந்து வெளியிட்டார். பின்னர் ஹென்றி பிளான்ஃபோர்டு ஊர் ஊராய் அளந்து, 1862இல் பாறை அடுக்குகளுக்கு ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என நம் ஊர்ப்பெயர்களையே சூட்டினார். மொராவியா நாட்டில் பிறந்த ஸ்டோலிச்கா, இங்குக் கிடைத்த சங்கு, சிப்பி, சுருள் ஓட்டு உயிரினங்களைப் பெருநூல் வரிசையாய் 1873க்குள் விளக்கி முடித்தார். மறு ஆண்டே இமயப் பயணத்தில் உயிர் நீத்தார். அவர்களால் நம் சிற்றூர்களின் பெயர்கள் உலக நிலவியல் நூல்களில் இடம்பெற்றன.

கல்லக்குடிக்கு மட்டும் அப்பேறு வாய்க்கவில்லை. 1939இல் சிமெண்டு ஆலை வந்தது. ஊரும் நிலையமும் டால்மியாபுரம் ஆயின. 15-7-1953 அன்று மு. கருணாநிதி முதலானோர் அப்பெயரை நீக்கக் கோரித் தண்டவாளத்தில் படுத்தனர். அப்போராட்டத்தில் சிறை சென்றவர்களுள் நம் சிறுகூடல்பட்டிக் கவிஞர் கண்ணதாசனும் ஒருவர். பின்னர் நிலையத்திற்குப் பழம்பெயர் மீண்டது. ஆயினும் நிலவியல் நூல்களில் அப்பாறை இன்றும் 'டால்மியாபுரம் அடுக்கு' என்றே வழங்குகிறது. நிலையப் பலகையில் மீண்ட பெயர் கல்லுக்கு மீளவில்லை. அதைத் தமிழுலகம் கவனித்ததாகவும் தெரியவில்லை.

பெயரினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. அகழிதான் கடலடியைத் திறந்து காட்டுகிறது. அகழியே அதனை அரைத்துத் தூளாக்கவும் செய்கிறது. ஆலையின்றி நாம் அந்த அடுக்குகளைக் கண்டிருக்கவும் மாட்டோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் வெட்டுமுன் பார்த்து, பார்த்ததைப் பதிந்து, ஒரு பகுதியையேனும் காத்தல் இயலாத செயலன்று. அரியலூர்ப் பகுதியின் கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் எலும்புகளுக்கு 1980களில் ஆய்வாளர்கள் பிருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டனர். அவ்வெலும்புகள் பின்னர் பொடிந்து போயின. பெயர் மட்டும் நிற்கிறது. மாறாக, 1940இல் நிலவியலறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த சாத்தனூர்க் கல்மரம், 18 மீட்டர் நீளத்துக்குக் கிடந்த கோலத்திலேயே தேசிய நிலவியல் சின்னமாகக் காக்கப்படுகிறது. காத்தால் நிற்கும் என்பதற்கு அதுவே சான்று.

பத்தாண்டு நிறைவில் நம் வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். கவிஞர்கள் ஒருநாள் கண்டனூர்ப் புதுவயல் நிலையத்தில் கூடிப் புறப்பட்டு, உரிய இசைவுடன் கல்லக்குடி அகழியையும், அடுத்துச் சாத்தனூர் மரத்தையும் கண்டு வருவோம். கல்லைப் பெயர்த்து வர வேண்டா. அங்குக் கல் வெட்டுவோர் அவ்வுருவங்களை எச்சொல்லால் அழைக்கின்றனர் என்று கேட்டு எழுதி வருவோம். ஊரின் பெயருக்காகச் சிறை சென்ற தலைமுறைக்குப் பின்வந்த நாம், கல்லின் பெயருக்காக ஒருநாள் நடக்கலாகாதா?