வீடியோ கேம் கோளாறுக்கான உளவியல் சிகிச்சையின் வரலாறு

வீடியோ கேம் விளையாடுவதை நிறுத்த முடியாமல் படிப்பு, வேலை, தூக்கம், உறவு ஆகியவை சீர்குலையும் நிலைக்கு மனநல வல்லுநர்கள் பேச்சு மூலமும் பயிற்சி மூலமும் அளிக்கும் உதவியே வீடியோ கேம் கோளாறுக்கான உளவியல் சிகிச்சை ஆகும். இது தனிச் சிகிச்சையாக வளர்ந்து சுமார் 30 ஆண்டுகளே ஆகின்றன. கண்டிப்பு, பூட்டிவைத்தல், கைப்பேசியைப் பறித்தல் ஆகியவற்றிலிருந்து, பிள்ளை ஏன் விளையாடுகிறது என்று கேட்கும் முறைக்கு மாறியதே இதன் வரலாறு.

தொடக்கம்

1978இல் ஜப்பானில் வெளியான 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டு உலகெங்கும் பரவியது. காசு போட்டு ஆடும் இயந்திரங்களில் மூழ்கியவர்களைப் பற்றி 1980களிலேயே மருத்துவ இதழ்களில் குறிப்புகள் வரத் தொடங்கின. 1987இல் வெளியான ஓர் ஆய்வறிக்கை, விளையாட்டைக் கைவிட முடியாத ஒரு கல்லூரி மாணவருக்குத் தளர்வுப் பயிற்சியும், ஆசை எழும்போது ஆடாமல் தாங்கும் பயிற்சியும் அளிக்கப்பட்டதை விவரித்தது.

இணையம் பரவிய பின், அமெரிக்க உளவியலாளர் கிம்பர்லி யங் 1995இல் இணைய அடிமைத்தனத்துக்கான மையத்தைத் தொடங்கினார். சூதாட்ட நோய்க்கு இருந்த அளவுகோல்களைத் திருத்தி 8 கேள்விகள் கொண்ட வினாத்தாளை உருவாக்கினார். பின்னாளில் இணையப் பயன்பாட்டுக்கு ஏற்ற அறிவாற்றல் நடத்தை சிகிச்சை முறை ஒன்றையும் வகுத்தார்.

தவறிய வழிகள்

எல்லா நாடுகளும் இந்த வழியில் செல்லவில்லை. சீனாவில் பிள்ளைகளை இராணுவப் பயிற்சி போன்ற முகாம்களில் அடைக்கும் வழக்கம் பரவியது. சில இடங்களில் மின் அதிர்ச்சியும் கொடுக்கப்பட்டது. 2009இல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் இணைய அடிமைத்தனத்துக்கு மின் அதிர்ச்சி அளிப்பதைத் தடை செய்தது. தென் கொரியா 2011இல், 16 வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டுகளில் நுழையத் தடை விதித்தது. பிள்ளைகள் கைப்பேசி விளையாட்டுகளுக்கு மாறிவிட்ட நிலையில், பத்தாண்டுகளுக்குப் பின் அச்சட்டம் கைவிடப்பட்டது.

நோயாக ஏற்பு

2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 'இணைய விளையாட்டுக் கோளாறு' என்பதை மேலும் ஆராய வேண்டிய நிலையாகக் குறிப்பிட்டது. 9 அறிகுறிகளில் 5 ஓராண்டுக்குள் காணப்பட வேண்டும் என்றது. உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆம் நோய் வகைப்பாட்டை 2019 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை ஏற்றது. அது 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மூன்று அடையாளங்கள் வேண்டும்: விளையாட்டின் மேல் கட்டுப்பாடு இழத்தல், மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முதலிடம் தருதல், கேடு விளைந்த பின்னும் தொடர்தல். இவை பொதுவாக 12 மாதங்கள் நீடித்து, வாழ்க்கையைக் கணிசமாகப் பாதிக்க வேண்டும்.

சில ஆய்வாளர்கள் இதை எதிர்த்தனர். சாதாரண ஆர்வத்துக்கும் நோய் முத்திரை விழும் என்பது அவர்கள் அச்சம். பல மணி நேரம் விளையாடுவது மட்டுமே நோய் ஆகாது என்பதை வகைப்பாடும் ஏற்கிறது.

சிகிச்சை நடக்கும் விதம்

சிகிச்சை பெறுபவர் முதலில் எப்போது, எவ்வளவு நேரம், என்ன மனநிலையில் விளையாடுகிறார் என்று நாட்குறிப்பு எழுதுகிறார். தனிமை, தேர்வு பயம், வீட்டுச் சண்டை, சலிப்பு போன்ற தூண்டல்கள் அதில் வெளிப்படும். 'இன்னும் ஒரே ஓர் ஆட்டம்', 'இங்கேதான் என்னை மதிக்கிறார்கள்' போன்ற எண்ணங்கள் ஆராயப்படும். தூக்க நேரம் சீராக்கப்பட்டு, விளையாட்டு நிரப்பிய இடத்தில் வேறு செயல்கள் வைக்கப்படும். மனச்சோர்வோ பதற்றமோ இருந்தால் அதற்கும் சிகிச்சை வேண்டும். சிறுவர்களுக்குப் பெற்றோரும் உடன் அமர வேண்டும்.

இதன் பயனைச் சோதித்த முக்கிய ஆய்வு 2019இல் வெளிவந்தது. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் 143 ஆண்கள் பங்கேற்றனர். 15 குழு அமர்வுகளும் 8 தனி அமர்வுகளும் பெற்றவர்களில் 69 விழுக்காட்டினர் குணமடைந்தனர். காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களில் 24 விழுக்காட்டினரே குணமடைந்தனர். பெண்கள் அந்த ஆய்வில் இடம்பெறாதது அதன் குறை.

இந்தியாவில்

பெங்களூரு நிமான்ஸ் நிறுவனம் 2014இல் 'ஷட்' என்ற சிகிச்சையகத்தைத் தொடங்கியது. தொழில்நுட்பத்தை நலமாகப் பயன்படுத்துவதற்கான சேவை என்பது அதன் பெயரின் விரிவு. மருத்துவ உளவியலாளர் மனோஜ் குமார் சர்மா அதை வழிநடத்தினார். 2016இல் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையிலும் இத்தகைய பிரிவு உருவானது.

2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடத்துக்காகக் கைப்பேசி வீடுதோறும் பிள்ளைகள் கைக்கு வந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 2இல் மத்திய அரசு பப்ஜி செயலியைத் தடை செய்தது. ஆனால் 2021இல் அதே வகை விளையாட்டு வேறு பெயரில் வந்தது. பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளைத் தமிழ்நாடு 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமும், மத்திய அரசு 2025ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமும் கட்டுப்படுத்த முனைந்தன. பண இழப்பைச் சட்டம் தடுக்கலாம். இலவச விளையாட்டில் இரவைத் தொலைக்கும் மாணவருக்கு அது மட்டும் போதாது.

தருமபுரி மாவட்டத்தில்

தருமபுரியிலிருந்து பெங்களூரு சுமார் 130 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நாட்டின் முன்னோடிச் சிகிச்சையகம் இவ்வளவு அருகில் இருந்தாலும், பென்னாகரம், அரூர் வட்டாரக் கிராமங்களில் கூலி வேலைக்குச் செல்லும் பெற்றோருக்கு வாரந்தோறும் அமர்வுக்கு அழைத்துச் செல்வது எளிதன்று. பெற்றோர் ஓசூர், திருப்பூர், பெங்களூரு சென்றுவிட, தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகளின் கைப்பேசிப் பழக்கத்தைக் கவனிக்க ஆளும் இல்லை. எனவே முதல் உதவி அருகிலேயே தேவைப்படுகிறது. 2008இல் தொடங்கப்பட்ட தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் 'டெலி மானஸ்' சேவையின் 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம்.

கைப்பேசியைப் பிடுங்கி உடைப்பது சிகிச்சை ஆகாது. திடீரெனப் பறித்தால் கடுங்கோபமும், சிலரிடம் தற்கொலை எண்ணமும் எழலாம். அத்தகைய பேச்சு எழுந்தால் பிள்ளையைத் தனியே விடாமல் உடனே மருத்துவ உதவி பெற வேண்டும்.