பொ.ஆ. 1279: இரு பேரரசுகளின் முடிவும் சான்றுகளின் இயல்பும்

தென்சீனச் சாங் பேரரசும் சோழப் பேரரசும் பொ.ஆ. 1279-இல் முடிவுற்றதாக வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. ஆண்டு ஒன்றெனினும் அதனை நிறுவும் சான்றுகள் ஒரே தன்மையின அல்ல.

சாங் அரசின் முடிவுக்கு நாளே உண்டு. 1279 மார்ச் 19 அன்று யாமென் கடற்போரில் குப்ளாய்கானின் படை வென்றது. அமைச்சர் லூ சியூஃபூ, சிறுவனான பேரரசன் சாவ் பிங்கைச் சுமந்தவாறு கடலில் பாய்ந்து மாண்டார்.

சோழர் நிலை வேறு. 1246-இல் ஆட்சியேற்ற மூன்றாம் இராசேந்திரனின் 33-ஆம் ஆட்சியாண்டே கல்வெட்டுகளில் காணப்பெறும் இறுதியாண்டு. அதனைக் கொண்டே 1279 கணிக்கப்பெறுகின்றது. ஆகவே அது போர் நாளோ அரசன் இறந்த நாளோ அன்று. அவன் பெயரால் ஆண்டு எண்ணும் வழக்கு நமக்குப் புலப்படும் கடைசி எல்லையாகும்.

1268-இல் ஆட்சி தொடங்கிய முதலாம் மாறவர்மன் குலசேகரபாண்டியன் அவ்வெல்லைக்குப் பின்னரும் நெடுங்காலம் ஆண்டான். எனவே இன்றைய விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழி போன்ற பாண்டிநாட்டு ஊர்களுக்கு 1279 அரசுமாற்ற ஆண்டன்று.

கடல்வணிகத் தொடர்பும் அறுபடவில்லை. சீனத் துறைமுகமான சுவான்சௌவில் கிடைத்த, சக ஆண்டு 1203 (பொ.ஆ. 1281) சித்திரைத் திங்களுக்குரிய தமிழ்க் கல்வெட்டு, செகசைகானின் நலம் வேண்டிச் சம்பந்தப்பெருமாள் என்பார் சிவனை எழுந்தருளுவித்ததைக் கூறுகின்றது. செகசைகான் குப்ளாய்கானே என்பர்.

ஆதலின், 1279-ஐ ஒரு யுகமுடிவாகக் கொள்ளுமுன், அது யாருக்கு முடிவு, எச்சான்றால் முடிவு என்று வினவுதல் ஆய்வாளர் கடனாகும்.