அபராதம்
கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று வங்கி பிடிக்கும் பணத்தை ‘அபராதம்’ என்கிறோம். வடமொழியில் அச்சொல்லுக்குக் குற்றம் என்றே பொருள். குற்றத்துக்குக் கட்டும் பணத்தையும் அது குறித்தது பின்னால். பழம்பொருளின் நிழல் இன்னும் விலகவில்லை. 2017 ஏப்ரல் முதல் நவம்பர் வரை பாரத ஸ்டேட் வங்கி இப்படிப் பிடித்தது 1,771 கோடி ரூபாய், அவ்வழக்கத்தை 2020இல்தான் கைவிட்டது. மழையில் வேலை நின்று கணக்கு வற்றிய சாத்தூர்த் தீப்பெட்டித் தொழிலாளி செய்த குற்றம் என்ன? விதியை ஒப்புக்கொண்டுதானே கணக்குத் தொடங்கினார் என்பார்கள். ஒப்பந்தம் தவறுவது வேறு, குற்றம் வேறு. மாற்றுச் சொல்லாகத் ‘தண்டம்’ உதவாது, அதுவும் வடசொல், அதுவும் தண்டனை. ‘ஒறுப்பு’ நல்ல தமிழ், ஆனால் ஒறுத்தலும் தண்டித்தலே. ‘குறையிருப்புக் கட்டணம்’ என்பதே நேர்மையான பெயர். குற்றவாளியாகத் தன்னை நினைப்பவர் கணக்குக் கேட்கமாட்டார். கட்டணம் கட்டுபவர் எதற்கு, எவ்வளவு என்று கேட்பார். தனித்தனியாகக் கேட்கவும் வேண்டியதில்லை: ஒரே குறையுள்ள பலருக்காக ஒருவரே, நுகர்வோர் ஆணையத்தின் அனுமதியோடு முறையிட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 35ஆம் பிரிவு இடம் தருகிறது.